புதுப்பிப்பு: சொத்து வரிப் பெயர் மாற்ற மனு ஏன் திரும்பி வருகிறது

மாநகராட்சி சொத்து வரியில் பெயர் மாற்றத் தேவையான ஆவணங்களை முந்தைய இழையில் பட்டியலிட்டிருந்தேன். கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, கடைசி ரசீது எல்லாம் இணைத்தும் மனு திரும்புகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள்.

முதலில் நிலுவையைப் பாருங்கள். பழைய உரிமையாளர் விட்டுப்போன பாக்கியும் அந்த வரி எண்ணிலேயே நிற்கும். நடப்பு அரையாண்டு வரை கட்டிய பிறகு விண்ணப்பியுங்கள். சென்னையில் அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. உச்சவரம்பு 5,000 ரூபாய்.

அதிகம் சிக்குவது கதவு எண்ணில்தான். பத்திரத்தில் பழைய எண் 14 மட்டும், ரசீதில் புதிய எண் 31 மட்டும் இருந்தால் இரண்டும் ஒரே வீடு என்று அலுவலருக்கு எப்படித் தெரியும்? ‘பு.எண் 31, ப.எண் 14’ என்று இரண்டும் சேர்ந்து அச்சான ஏதாவது ஒரு பழைய ரசீதைத் தேடி இணையுங்கள். தலைப்பெழுத்து, எழுத்துப்பிழை வேறுபாடுகளையும் அனுப்புமுன் சரிபாருங்கள்.

வாரிசு வழி வந்த வீடென்றால் இறப்புச் சான்றும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் வேண்டும். ஒருவர் பெயருக்கு மட்டும் மாற்றுவதானால் மற்ற வாரிசுகளிடம் வெறும் சம்மதக் கடிதம் வாங்காதீர்கள். அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்யும் விடுதலைப் பத்திரமே பின்னாளில் தகராறில்லாமல் காக்கும். அது முடியாவிட்டால் எல்லார் பெயரிலும் கூட்டாக மாற்றுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: வரி ரசீது உரிமைக்குச் சான்று ஆகாது. வரியில் பெயர் மாறியதால் பட்டா, மின் இணைப்பு இரண்டிலும் பெயர் தானாக மாறாது; அவற்றைத் தனித்தனியே கவனிக்க வேண்டும்.