மறு: வண்டி ஆன்டெனா மவுண்டுக்கு என்ன சொல் வைக்கலாம்?

எல்லோருக்கும் வணக்கமுங்க. வண்டியில் வைத்துப் பேசும் ரேடியோ செட்டுக்கு ஆன்டெனாவைக் கூரையில் நிறுத்திப் பிடிக்கிற சாமான்தான் மவுண்டு. நம் கையேட்டின் சொற்பட்டியலில் அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம், வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'ஆன்டெனா தாங்கி' என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

தாங்கி வேண்டாம் அண்ணா. பம்ப்செட், மோட்டார் பற்றித் தமிழில் எழுதியதை எடுத்துப் பார்த்தால் தாங்கி என்பது பேரிங்தான், கோயமுத்தூர்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதைக் கலைத்தால் நம்மையே திட்டுவார்கள். அக்கா சொன்ன 'பொருத்தி' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மவுண்டின் அடியிலேயே ஒயரை மாட்ட ஒரு கனெக்டர் இருக்கிறதே, 'பொருத்தியில் பொருத்தியைப் பொருத்துக' என்று கையேட்டில் எழுத என்னால் ஆகாது. 'ஏற்றம்' என்றால் எனக்குக் கிணற்றுமேடுதான் ஞாபகம் வருகிறது.

முதலில் அந்தச் சாமான் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். கம்பியைக் காற்றில் சாயாமல் பிடித்துக்கொள்வது பாதி வேலைதான். நாம் பேசும் 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைக் கம்பி, அதாவது அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள கம்பி, கிட்டத்தட்ட அரை மீட்டர் இருக்கும், அது ஆன்டெனாவில் ஒரு பாதி. இன்னொரு பாதி வண்டியின் கூரைத் தகடு. ஒயருக்குள் நடுக்கம்பியைச் சுற்றி இருக்கிற வெளிப்பின்னலைத் தகட்டோடு சேர்த்துவைப்பது மவுண்டுதான். அங்கே தொடர்பு சரியில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கின செட்டும் பக்கத்து ஊருக்கே கேட்காது.

இதைச் சொந்தக் காசில்தான் கற்றுக்கொண்டேன். முதலில் காந்த மவுண்டு வாங்கி பொலேரோ கூரையில் ஒட்டிக்கொண்டு ஈரோட்டிலிருந்து திம்பம் மலைப்பாதையில் அடிக்கடி போய்வந்தேன். துளை போட வேண்டாம், வீட்டில் பேச்சு வாங்க வேண்டாம், அதுவரைக்கும் சுகம். ஒரு மழைக்காலம் கழித்து எடுத்துப் பார்த்தால் அடியில் புழுதி புகுந்து, வண்டி அதிர அதிர அரைத்து, பெயின்ட்டில் தோசைக்கல் மாதிரி ஒரு வட்டம். ஒயர் கதவு ரப்பரில் நசுங்கி, மழைத் தண்ணீர் அதன் வழியாகவே இறங்கி மிதியடியை நனைத்திருந்தது. அதைவிட முக்கியம், காந்தம் தகட்டைத் தொடுவதே இல்லை. நடுவில் பெயின்ட் இருக்கிறது, அதனால் மின்தேக்கி (கெப்பாசிட்டர்) மாதிரிதான் இணைகிறது. வி.எச்.எஃப்.புக்கு, அதாவது இந்த 145 மெகாஹெர்ட்ஸ் இருக்கிற அலைவரிசைக்கு, அது போதும் என்பார்கள், போதும்தான், ஆனால் அடித்தட்டு சின்னதாக இருந்தாலோ கூரை ஓரத்தில் வைத்தாலோ ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரின் முள் ஓரிடத்தில் நிற்காது. அலுமினியக் கூரையில் காந்தம் ஒட்டவே ஒட்டாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரச்சட்டத்தில் கட்டின லாரி கேபினுக்கும் அதே கதைதான், அதனால்தான் லாரிக்காரர்கள் பக்கக் கண்ணாடியைத் தாங்கும் கையில் கிளாம்ப் போட்டு மாட்டுகிறார்கள். அதற்கும் சேஸிஸ் வரை தனியாக எர்த் பட்டை இழுக்க வேண்டும்.

கடைசியில் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு வேலை செய்யும் ஒரு டிங்கர் கையில் கொடுத்து, கூரை நடுவில் முக்கால் அங்குல (19 மி.மீ.) ஹோல்சா, அதாவது வட்ட ரம்பம், வைத்துத் துளை போட்டு என்.எம்.ஓ. என்ற வகை மவுண்டு இறக்கினேன். மோட்டோரோலா வழியில் வந்த அளவு அது. திருகி இறுக்கும்போது அடியில் இருக்கிற பல்லு தகட்டைக் கடித்துக்கொள்கிறது, மேலே ரப்பர் வளையம் தண்ணீரை நிறுத்துகிறது. துளை போட்ட வெட்டுமுனையில் பிரைமர் தடவ மறக்காதீர்கள், துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

இங்கேதான் என் சொல் வருகிறது: ஊன்றி. வண்டிப் பாரில் துளை போட்டு முளைக்குச்சி ஊணுகிறோம், குழி பறித்துப் பந்தக்கால் ஊணுகிறோம். உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்வதுதான் ஊன்றுவது. கூரையில் இருப்பது துளை ஊன்றி, டிக்கிக் கதவோரத்தில் மாட்டுவது விளிம்பு ஊன்றி, கண்ணாடிக் கையில் இருப்பது கை ஊன்றி.

> 'ஊன்றி' வினையெச்சம் ஆயிற்றே, 'ஊன்றி வைத்தான்' என்பதோடு குழம்பாதா?

தாங்கியும் அப்படித்தானுங்க, 'தாங்கிப் பிடித்தான்'. யாரும் குழம்பவில்லையே.

> காந்தம் எங்கே ஊன்றுகிறது? ஒட்டித்தானே நிற்கிறது?

சரியாகப் பிடித்தீர்கள் அக்கா, அதனால்தான் அதை ஊன்றி என்று சொல்லவே கூடாது என்கிறேன். 'காந்த ஒட்டி' என்று தனியாக வைப்போம். இங்கிலீஷில் எல்லாமே மவுண்டு என்பதால் நாமும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டுமா என்ன? வாங்க வருகிறவன் 'ஊன்றியா ஒட்டியா' என்று கேட்டாலே கடைக்காரருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். விளிம்பு ஊன்றியைக்கூட அலன் திருகு பெயின்ட்டைக் கிழித்துத் தகட்டைத் தொடும்வரை இறுக்காவிட்டால் அதுவும் வெறும் ஒட்டிதான்.

ஆன்டெனாவுக்கு அலைவாங்கியா, வேறா என்ற சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம். நம் செட் வாங்கவும் செய்கிறது, அனுப்பவும் செய்கிறது, அது எனக்கும் உறுத்துகிறது.

அப்புறம் ஒன்று. நேற்று அதே டிங்கரிடம் ஒரு நண்பரின் வண்டியை விட்டுவிட்டு, 'கூரையில ஒரு ஊன்றி போடணுமுங்க' என்று சொல்லிப் பார்த்தேன். எதைச் சொல்கிறேன் என்று கேட்கவே இல்லை. 'ஊணியா, நடுவாலயே ஊணிடலாங்க, நாளைக்கு எடுத்துக்குங்க' என்றார். எழுத்தில் ஊன்றி என்றே போடலாமா, ஊணி என்பதையும் அகரவரிசையில் சேர்க்கலாமா, சொல்லுங்கள்.