புதுப்பிப்பு: குளிராத குளிர்சாதனப் பெட்டி

கோலாலம்பூர் செந்தூலில் வாங்கிய புதுப் பெட்டி, எட்டே மாதத்தில் கீழ்த்தட்டு குளிராமல் போனதையும், கடை அனுப்பிய ஆள் இரண்டு முறை குளிரூட்டும் கேஸ் அடித்துவிட்டுப் போனதையும் போன மாதம் எழுதியிருந்தேன். விசாரித்த எல்லாருக்கும் நன்றி.

மூன்றாவது முறையும் அதே கேஸ்தான். எங்காவது கசிந்தால் ஒழிய கேஸ் குறையாது. கசிவை அவர் தேடவே இல்லை! அப்புறம் ஏர்கோன் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து பார்த்தார். உறைபெட்டியின் பின்பலகைக்குள் பாறை மாதிரி பனி. அதை உருக்க வேண்டிய ஹீட்டர் செத்துவிட்டதால், குளிர்காற்று கீழே இறங்க வழியில்லை என்றார்.

கடையில் அந்த ஹீட்டரைக் கேட்டால், "பொருள் இன்னும் வரலைங்க அக்கா" என்பதே பதில். அம்மாவின் இன்சுலின் ஐந்து வாரமாக அந்தப் பக்கத்து வீட்டு அண்ணன் வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் போய்க் கதவைத் தட்ட அம்மா கூச்சப்படுகிறார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நேற்று பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் கொடுத்துவிட்டேன். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பனியின் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன். இனிப் பழுது பார்க்க வேண்டாம், பணத்தைத் திருப்பித் தரட்டும். விசாரணைத் தேதி கிடைத்ததும் எழுதுகிறேன்.