அந்த 19 குழந்தைகள்: இறந்தார்களா, கொல்லப்பட்டார்களா?

ஆறாம்விரல்:
நேற்று வேறொரு இழையில் கல்தச்சன் போகிற போக்கில் இப்படி எழுதிவிட்டுப் போனார்: "அமெரிக்கர்கள் 19 ரஷ்யக் குழந்தைகளைக் கொன்றார்கள், அதனால்தான் ரஷ்யா தத்துக்குத் தடை போட்டது. தடையால் எந்தக் குழந்தைக்கும் நஷ்டமில்லை." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை, அதனால்தான் தனி இழை. ஐயா, ரஷ்ய அதிகாரிகள் மீது தடை விதிக்கும் மக்னீட்ஸ்கி சட்டத்தில் ஒபாமா கையெழுத்துப் போட்டது 2012 டிசம்பர் 14. அதற்குப் பதிலடியாக, அமெரிக்கர்களுக்குத் தத்து கிடையாது என்று புதின் கையெழுத்துப் போட்டது டிசம்பர் 28. குழந்தைகள் மேல் பாசம் பொங்க அந்த 14 நாள் போதுமாக இருந்திருக்கிறது.

கல்தச்சன்:
பாசம் எப்போது பொங்கினால் உங்களுக்கென்ன? 19 உண்மையா, இல்லையா? சட்டத்தின் பெயரே திமா யாகொவ்லெவ் சட்டம். 2008-இல் வெயிலில் நின்ற காருக்குள் விடப்பட்டு இறந்த குழந்தை அது. நீங்கள் தேதி எண்ணுங்கள், நான் பிணம் எண்ணுகிறேன்.

மழைக்காகிதம்:
அந்த வழக்கில் வளர்ப்புத் தந்தையை நீதிமன்றம் விடுதலை செய்தது. மன்னிக்க முடியாத மறதிதான். ஆனால் "கொன்றார்கள்" என்ற வினை அங்கே ஒட்டாது. தவிர, 20 ஆண்டுகளில் அமெரிக்கா போன ரஷ்யக் குழந்தைகள் சுமார் 60,000 பேர்.

கல்தச்சன்:
ஆக, 19 சரி என்று ஒப்புக்கொண்டீர்கள். நன்றி அம்மணி.

மழைக்காகிதம்:
ரஷ்ய அதிகாரிகள் சொன்ன எண் அது. எண்ணை மறுக்கவில்லை, வினையை மறுக்கிறேன். "அம்மணி" எல்லாம் வேண்டாம்.

சாம்பல்பூனை:
மேலே "தத்துத்தடை", "தத்துத் தடை", "தத்து தடை" என்று மூன்று விதமாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை முடிவு செய்துகொண்டு சண்டை போடலாமே.

ஆறாம்விரல்:
பூனையாரே, மூன்றும் மேலே எங்கே இருக்கின்றன? கண்ணாடியைத் துடையுங்கள். கல்தச்சன், விஷயத்துக்கு வாருங்கள். இரண்டு நாடுகளுக்கும் தத்து ஒப்பந்தம் ஒன்று இருந்தது. குழந்தை போன பிறகும் கண்காணிப்பு வேண்டும் என்று ரஷ்யா கேட்டு வாங்கிய ஒப்பந்தம். அது அமலுக்கு வந்தது 2012 நவம்பர் 1. உங்கள் 19 பேருக்காகத்தான் கவலை என்றால், பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒப்பந்தத்தை ஏன் குப்பையில் போட வேண்டும்?

கல்தச்சன்:
"உங்கள் 19 பேர்" என்கிறாரே, பாருங்கள்! என்ன ஒரு மனசு. 2010-இல் 7 வயதுப் பையனைத் தனியாக விமானத்தில் ஏற்றி, கையில் ஒரு சீட்டைக் கொடுத்து மாஸ்கோவுக்குத் திருப்பி அனுப்பினாரே ஒரு வளர்ப்புத் தாய், பொருளைத் திருப்பி அனுப்புவதுபோல. அதற்கும் வினைச்சொல் பாடம் நடத்துவீர்களா? ரஷ்யாவை விடுங்கள். குவாத்தமாலாவில் இருந்து 2007-இல் மட்டும் 4,700-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்கா போனார்கள். குழந்தைக் கடத்தல், போலிக் காகிதம் எல்லாம் அம்பலமாகித்தான் அங்கே கடையை மூடினார்கள். தென்கொரியாவில் அரசின் உண்மைக் கண்டறியும் ஆணையமே 2025 மார்ச்சில், பெற்றோர் இருந்த பிள்ளைகளை அநாதை என்று எழுதி அனுப்பியதாகச் சொன்னது. இவர்களிடமா கண்காணிப்பு பற்றிப் பேசுகிறீர்கள்?

மழைக்காகிதம்:
கொரியா பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அது மோசடி. மோசடி செய்த ஆளைப் பிடி. ரஷ்யாவில் விதி வேறு: பெற்றோர் பராமரிப்பில்லாத பிள்ளைகளின் பதிவேட்டில் சேர்ந்து பல மாதம் உள்நாட்டில் யாரும் கேட்காத பிறகுதான் வெளிநாட்டவருக்குக் காட்டவே முடியும். அப்படி மிஞ்சியவர்கள் யார்? ஊனமுள்ள பிள்ளைகள், வளர்ந்த பிள்ளைகள், பிரிக்கக்கூடாத அண்ணன் தங்கைகள். இவர்களுக்கா நஷ்டமில்லை?

கல்தச்சன்:
தடைக்குப் பிறகு பதிவேட்டில் எண்ணிக்கை குறைந்தது. தேடிப் பாருங்கள்.

மழைக்காகிதம்:
குறைந்தது. ஆரோக்கியமான சின்னக் குழந்தைகள் வீட்டுக்குப் போனார்கள். நான் சொன்ன பட்டியல் அங்கேயேதான் நிற்கிறது.

பழையபேனா:
சண்டைக்கு நடுவில் ஒன்று. சீனா 2024 செப்டம்பரில் வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தியது, ரத்த உறவினருக்கும் மாற்றாந்தாய் தந்தைக்கும் மட்டும் விலக்கு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்குக் குழந்தையின் படமும் பெயரும் 2019 கடைசியிலேயே வந்துவிட்டன. பெருந்தொற்றில் பயணம் நின்றது. படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக வாங்கிய சின்னச் செருப்பு ஒரு ஜோடி அலமாரியில் இருக்கிறது. அடுத்த வருடம் இன்னும் பெரியது, அதற்கடுத்த வருடம் இன்னொன்று. கைரேகையும் மருத்துவச் சான்றும் காலாவதியாகும்போதெல்லாம் ஓடிப்போய்ப் புதுப்பித்தார்கள். நான்கு ஜோடி சேர்ந்த பிறகு அறிவிப்பு வந்தது. அந்தப் பிள்ளைக்கு யார் என்ன சொன்னார்கள் என்று இவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

கல்தச்சன்:
உருக்கம். செருப்பு ஜோடி 4, பிணம் 19. எது பெரியது?

ஆறாம்விரல்:
சீ. இதுதான் உங்கள் தரம். மூன்று வருடத்துக்கு முன் தடுப்பூசி இழையிலும் இதே வேலைதான் செய்தீர்கள். ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு நாற்பது பதிவு.

கல்தச்சன்:
அந்த இழையில் கடைசியில் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆறாம்விரல்:
ஓடவில்லை, தூங்கப் போனேன். காலையில் வேலைக்குப் போகிறவன் நான்.

சாம்பல்பூனை:
"அநாதை"யா "அனாதை"யா என்று யாராவது சொல்லுங்களேன்.

மழைக்காகிதம்:
ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017 ஜனவரியில் என்ன சொன்னது தெரியுமா? 45 அமெரிக்கர்கள் போட்ட வழக்கில், தேசியத்தை வைத்துப் பாகுபாடு காட்டியது தவறு என்று ரஷ்யாவுக்கு எதிராகத் தீர்ப்பு.

கல்தச்சன்:
ஆளுக்கு 3,000 யூரோ இழப்பீடு. தெரியும். தத்தெடுப்பது யாருக்கும் உரிமை அல்ல என்று அதே நீதிமன்றம் சொன்னதையும் எழுதுங்கள். பாதி மட்டும் படித்துக்காட்டுவது உங்கள் வழக்கம்.

மழைக்காகிதம்:
அந்தப் பாதியை நான் மறைக்கவில்லை. குழந்தைக்கு வீடு வேண்டாம் என்று எந்தப் பாதியிலும் இல்லை.

கல்தச்சன்:
19-க்கு இன்னும் பதில் வரவில்லை.

மழைக்காகிதம்:
நாலு முறை சொல்லிவிட்டேன். இறந்தார்கள்.

கல்தச்சன்:
கொல்லப்பட்டார்கள்.

பழையபேனா:
சரி, ஐந்தாவது ஜோடியை அவர்கள் வாங்கவில்லை. அது மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று.

கல்தச்சன்:
19.