பேட்டன்ட் எக்ஸாமினர் கையில் டிஸ்ஸொல்யூஷன் கருவி: மும்பையில் நாங்கள் பார்த்தது

மாட்டுங்கா, பேட்டன்ட் ஏஜென்ட்:

வசாய், தானே, ரபாலே பக்கம் மருந்து லேப்களுக்குக் கருவி செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் நிறைய. நம்மவர்கள் நடத்துவதும் உண்டு. கைவேலையில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் பேட்டன்ட் ஆபீஸிலிருந்து முதல் ஆய்வறிக்கை, அதுதான் எஃப்.இ.ஆர்., வந்ததும் பல பேர் "இது நமக்கு ஆகாது" என்று ஃபைலை மூடிவிடுகிறார்கள். அப்படி மூட இருந்த ஒருவரின் விண்ணப்பம் எப்படித் தேறியது என்று எழுதுகிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

கருவி டிஸ்ஸொல்யூஷன் சோதனைக்கானது. இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாத்திரை கரைந்தால்தான் மருந்து உடம்பில் ஏறும். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மருந்து கரைந்து வெளியே வருகிறது என்று லேபில் பார்ப்பதுதான் இந்தச் சோதனை. அடிப்பகுதி அரைக்கோளமாக இருக்கும் ஒரு லிட்டர் வெசல்கள் ஆறு. பெரும்பாலும் 900 மில்லி திரவம். சூடு 37 டிகிரி, அதிலிருந்து அரை டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. நடுவில் பேடில், அதாவது ஷாஃப்ட் என்ற தண்டின் நுனியில் துடுப்பு மாதிரி இருக்கும் தகடு, சுற்றும், சாதாரணமாக நிமிடத்துக்கு 50 சுற்று. பேடிலின் அடிக்கும் வெசலின் அடிக்கும் நடுவே 25 மில்லிமீட்டர் இடைவெளி, 2 மில்லிமீட்டர் கூடலாம் குறையலாம். மருந்துத் தரத்துக்கான விதிநூலான அமெரிக்க பார்மகோபியாவில், மாத்திரையைக் கூடைக்குள் வைத்துச் சுற்றும் கூடை முறை 1970-லேயே வந்துவிட்டது, பேடில் அதற்குப் பிறகு. ஆக, அரை நூற்றாண்டாக உலகமே அலசிய கருவி. இதில் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்றுதான் எந்த எக்ஸாமினருக்கும் முதலில் தோன்றும்.

புதிது இருந்தது. பேடில் முறையில் மாத்திரை அடியில் போய் உட்கார்ந்த பிறகுதான் பேடில் சுற்றத் தொடங்க வேண்டும். கையால் போடும்போது ஒன்று நேர் நடுவில் விழும், இன்னொன்று ஓரமாகச் சரிந்து நிற்கும். பேடிலுக்கு நேர் கீழே திரவம் அதிகம் அசையாது. உதிர்ந்த துகள்கள் அங்கே கூம்பாகக் குவிந்து கிடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கொஞ்சம் தள்ளி விழுந்த மாத்திரையில் ஓட்டம் நன்றாகப் படும், அதனால் சீக்கிரம் கரையும். ஒரே பேட்ச் மாத்திரைதான், ஆனால் வெசலுக்கு வெசல் எண் மாறும். மருந்து நன்றாக இருந்தும் பேட்ச் இரண்டாம் கட்டச் சோதனைக்குப் போகும். அப்புறம் காரணம் தேடி லேப் முழுக்க அலையும்.

அவர் செய்தது இது. வெசல் மூடி வழியாக, மாத்திரை நுழையும் அளவுக்கு, வாய்ப்பக்கம் சற்று வளைந்த ஒரு குழாய் இறங்கும். பேடில் தகடு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நின்றால்தான் அதன் தட்டைப் பக்கத்தை ஒட்டிக் குழாய் இறங்க வழி கிடைக்கும். அதற்காக ஷாஃப்டில் ஒரு பூட்டு வைத்தார். குழாயின் வாய் பேடிலுக்குக் கீழே நடுவை நோக்கி நிற்கும், மாத்திரை அதன் வழியாக வழுக்கி அடிமையத்தில் போய் உட்காரும். குழாய் மேலே ஏறி முடியும்போது அதிலுள்ள ஒரு பட்டை சுவிட்சை அழுத்தும். அப்போதுதான் ஷாஃப்ட் பூட்டு விடுபட்டு மோட்டார் ஓடும். ஆறு வெசலிலும் ஒரே நேரத்தில். பட்டறையில் அவர் ஓட்டிக் காட்டியபோது, குழாய் ஏறி நின்று 'டிக்' என்று ஒரு சத்தம், உடனே ஆறு பேடிலும் சேர்ந்து திரும்பின. அதைப் பார்த்ததுமே இதற்கு வாதாடலாம் என்ற நம்பிக்கை எனக்கு வந்துவிட்டது.

எஃப்.இ.ஆரில் புதுமை பற்றி ஆட்சேபம் இல்லை. இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டியிருந்தார்கள். டி1 ஆறு மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடும் தட்டு. டி2 மூடியில் பொருத்திய குட்டைக் குழாய், திரவத்தின் மேல்மட்டம் வரைக்கும்தான் வரும். இரண்டையும் சேர்த்தால் உங்கள் கருவி வந்துவிடும், ஆகவே பேட்டன்ட் சட்டம் 2(1)(ஜேஏ)-யின்படி கண்டுபிடிப்புப் படி, அதாவது துறை தெரிந்தவருக்குச் சுலபத்தில் தோன்றாத முன்னேற்றம், இல்லை என்றார்கள். அதோடு பிரிவு 3(எஃப்): தெரிந்த சாதனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தனக்குத் தெரிந்த விதத்தில் இயங்க, அவற்றை வெறுமனே அடுக்கி வைத்தது என்ற ஆட்சேபம். கிளெய்மில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எண்ணிட்டு எழுதும் வாசகத்தில், 'சுமார்' என்ற சொல், படத்திலுள்ள எண்கள் இல்லாதது போன்ற சில்லறை விஷயங்களும் இருந்தன. அவை ஒரு மாலையில் தீர்ந்துவிடும்.

அவர் பயந்தது 3(எஃப்)-ஐப் பார்த்துத்தான். எனக்கு அது ஒரு நல்ல கேள்வியாகவே பட்டது. 1978-ல் உச்ச நீதிமன்றம் ஒரு பாத்திரக் கடைசல் கருவியின் பேட்டன்ட் வழக்கில் இதையேதான் பேசியது. கண்டுபிடிக்கும் திறன் எதுவும் இல்லாமல் பழைய பாகங்களை ஒன்றுசேர்த்து வைத்தால் பேட்டன்ட் கிடையாது. பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் வழக்கு என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் நாம் காட்ட வேண்டியது ஒன்றே ஒன்று: இந்தப் பாகங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வேலை செய்கின்றன, அந்தப் பிடிப்பால்தான் பலன் வருகிறது.

எழுத்தில் பதில் கொடுத்த பிறகும் ஹியரிங் வைத்தார்கள். வீடியோவில்தான். முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலர் படத்தை நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார். அவருடைய முதல் கேள்வி, "குழாயைக் கழற்றிவிட்டால் மோட்டார் வழக்கம்போல் ஓடுமா?" ஓடாது சார், குழாய் மேலே வந்து சேர்ந்தால்தான் பூட்டு விடும் என்றேன். "சரி, பூட்டைக் கழற்றினால்?" பேடில் எந்தக் கோணத்தில் நிற்கும் என்று தெரியாது, குழாய் தகட்டில் இடிக்கும், கீழே இறங்காது என்றேன். டி1-லும் டி2-லும் பேடிலைக் கோணம் பார்த்து நிறுத்தும் யோசனையே கிடையாது. அவற்றில் குழாய் பேடிலுக்குக் கீழே போவதில்லை, அதனால் அந்தத் தேவையும் வரவில்லை. இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்காரும் ஒரு மெக்கானிக்குக் கோணப் பூட்டு ஏன் தோன்ற வேண்டும்?

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, முதல் கிளெய்மில் பூட்டே இல்லையே என்றார். நியாயமான கேள்வி. அது நான்காவது கிளெய்மில் இருந்தது. அதை முதல் கிளெய்முக்குள் கொண்டுவந்தோம். பிரிவு 59 இதற்கு இடம் கொடுக்கிறது, ஏனென்றால் தாக்கல் செய்தபோதே எழுதியிருந்ததை வைத்துக் கிளெய்மைச் சுருக்கத்தான் செய்தோம். ஃபைலைத் தூக்கி நிறுத்திய இன்னொன்று ஒரு அட்டவணை. கருவியைச் சரிபார்க்கப் பல லேபிலும் ஓட்டும் பிரட்னிசோன் மாத்திரையைக் கையால் போட்டும் குழாய் வழியாகப் போட்டும் ஓட்டி, ஆறு வெசல்களின் முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கருவியை விவரித்துத் தாக்கல் செய்யும் ஸ்பெசிஃபிகேஷனிலேயே சேர்த்திருந்தார். விலகல் எவ்வளவு குறைந்தது என்று கன்ட்ரோலரே அதிலிருந்து வாசித்தார். அட்டவணை இல்லாவிட்டால் நான் எவ்வளவு பேசியிருந்தாலும் வெறும் பேச்சுதான்.

பேட்டன்ட் கிடைத்தது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள், குறிப்பாக ஆட்சேபம் என்ன சொன்னது, எதைக் காட்டியபோது விலகியது என்பதை.

துர்பே, கியூ.சி. (தரக்கட்டுப்பாடு) லேப்:

மேடம், நான் ஏஜென்ட் இல்லை, அனலிஸ்ட். ஒரு கூடைக் கருவி விண்ணப்பத்தில் தொழில்நுட்ப விளக்கம் தர என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே எதிராகக் காட்டிய ஆவணம் ஒரு கல்லூரி ஆய்வேடு. அதில் 'அப்பாரட்டஸ் 1'-ல் சோதித்தோம் என்று இருந்தது. எஃப்.இ.ஆரில் அதைக் கூடை என்று எடுத்துக்கொண்டு, உங்கள் கூடை மாற்றம் ஏற்கெனவே தெரிந்ததுதான் என்று எழுதியிருந்தார்கள். அமெரிக்க பார்மகோபியாவில் 1 கூடை, 2 பேடில். ஆனால் அந்த மாணவர் பின்பற்றியது இந்திய பார்மகோபியா 2007 பதிப்பு. அதில் 1 என்றால் பேடில், 2 என்றால் கூடை. ஆய்வேட்டில் சோதனை முறைப் பக்கத்தில் இந்திய பார்மகோபியா என்று தெளிவாகவே இருந்தது. அந்தப் பக்கத்தையும் பார்மகோபியாவின் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினோம், அந்த ஆட்சேபம் அதோடு விலகியது.

எக்ஸாமினரைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் எத்தனையோ விதமான கருவி அவர்கள் மேசைக்கு வருகிறது. பாத் என்று நாங்கள் சொல்லும் டிஸ்ஸொல்யூஷன் கருவி முன்னால் தினமும் நிற்கிறவனுக்கு இது கண்ணில் உடனே படும். அதனால் சொல்கிறேன், எஃப்.இ.ஆர். வந்தால் ஏஜென்டோடு நிறுத்தாமல் பாத்தில் வேலை பார்க்கும் ஒருவரிடமும் அந்த ஆவணங்களைப் படிக்கக் கொடுங்கள். இரண்டு மணி நேரம் போதும்.

வசாய், பட்டறை:

அக்கா எழுதியதைப் படித்து மனசு நிறைந்தது. என் பக்கத்து ஷெட்காரருக்கு இந்தக் கொடுப்பினை இல்லை, அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். மாத்திரை மிதக்காமல் இருக்க மாட்டும் சிங்கர் கம்பியில் அருமையான ஒரு மாற்றம் செய்தார். பூட்டு மாதிரி மடங்கும், காப்ஸ்யூலை நசுக்காது. கையில் வாங்கிப் பார்த்தவன் நான், அவ்வளவு சுத்தமான வேலை. முதலில் ஒரு வியாபாரக் கண்காட்சியில் ஸ்டால் போட்டார், கேட்டலாக் அச்சடித்துக் கொடுத்தார், பிறகுதான் விண்ணப்பம் போட்டார். எஃப்.இ.ஆரில் அவருடைய கேட்டலாக்கே அவருக்கு எதிராக வந்து நின்றது.

கண்காட்சிக்கு விலக்கு உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், பிரிவு 31. ஆனால் மத்திய அரசு கெஜட்டில் அறிவித்த கண்காட்சிக்குத்தான் அது செல்லும், 12 மாதத்துக்குள் விண்ணப்பமும் போட்டிருக்க வேண்டும். ஹாலை வாடகைக்கு எடுத்து நடத்தும் எல்லாக் கண்காட்சியும் அதில் சேராது.

தம்பிகளே, ஸ்டால் போடுவதற்கு முன்னால் ஒரு புரொவிஷனல், அதாவது முதற்கட்ட விண்ணப்பமாவது, போட்டுவிடுங்கள். சிறு தொழில் பதிவான உத்யம் சான்றிதழ் இருந்தால் ஃபார்ம் 28 வைத்து, சிறு நிறுவனக் கட்டணத்தில் ஆன்லைனில் 1,600 ரூபாய்தான். முழு ஸ்பெசிஃபிகேஷனுக்கு 12 மாதம் கிடைக்கும். அக்கா, எனக்கு ஒரு கேள்வி: ஹியரிங் முடிந்த பிறகு புதிதாகச் சோதனை ஓட்டி எண் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா?

செம்பூர், பார்மசி கல்லூரி:

எங்களுடையது கொஞ்சம் வேறு மாதிரி. வெசலுக்குப் பக்கத்தில் கேமரா வைத்து, மாத்திரை உதிர்வதைப் படம் எடுத்து, அதிலிருந்து கரையும் வேகத்தைக் கணக்கிடும் அமைப்பு. பிரிவு 3(கே)-யில் ஆட்சேபம் வந்தது: கணித முறை, கணினி நிரல். கிளெய்மைப் பார்த்தால் எக்ஸாமினர் சொல்வதில் விஷயம் இருந்தது, கணக்குதான் முன்னால் நின்றது. பேடில் தகடு குறுக்கே வரும் நேரத்தை ஷாஃப்டிலுள்ள சென்சார் சொல்லும், அந்த நேரத்தில் விளக்கு எரியாது, படமும் எடுக்காது. இது ஸ்பெசிஃபிகேஷனில் விரிவாகவே இருந்தது. அந்த சென்சார், விளக்கு, கேமரா மூன்றின் இணைப்பை முதல் கிளெய்முக்குக் கொண்டுவந்து பதில் அனுப்பியிருக்கிறோம். ஹியரிங் நோட்டீஸுக்காகக் காத்திருக்கிறோம்.

கல்லூரியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2021 திருத்தத்துக்குப் பிறகு கல்வி நிறுவனங்களுக்கும் கட்டணம் 80 சதவீதம் குறைவு. பணம் பெரிய தடை இல்லை. மாணவரின் ஆய்வேடு இணையத்தில் ஏறுவதற்கு முன் விண்ணப்பம் போய்விட்டதா என்று வழிகாட்டி ஒரு வார்த்தை கேட்டால் போதும். வசாய் அண்ணன் சொன்ன கேட்டலாக் கதை ஆய்வேட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

மாட்டுங்கா, பேட்டன்ட் ஏஜென்ட்:

வசாய் அண்ணே, ஹியரிங் முடிந்து 15 நாளுக்குள் எழுத்துவாதம் கொடுக்கலாம். அதோடு புதுச் சோதனை முடிவுகளைப் பிரமாணப் பத்திரமாக இணைக்கலாம். ஸ்பெசிஃபிகேஷனில் ஏற்கெனவே சொன்ன பலனை உறுதிப்படுத்தும் எண்ணாக இருந்தால் கன்ட்ரோலர் பார்ப்பார். அதில் சொல்லாத ஒரு பலனைப் புதிதாகக் காட்டினால் ஏற்கமாட்டார். ஸ்பெசிஃபிகேஷனுக்குள் அந்த எண்களை நுழைக்கவும் முடியாது, பிரிவு 59 விடாது. அதனால் புரொவிஷனலுக்கும் முழு ஸ்பெசிஃபிகேஷனுக்கும் இடையிலுள்ள 12 மாதத்தில் பாத்தை ஓட்டி முடித்துவிடுங்கள். பழைய முறையிலும் புது முறையிலும் ஒரே பேட்ச், ஒரே திரவம், ஒரே நாள். குறைந்தது ஆறு வெசல். தனித்தனி எண்ணையும் கொடுங்கள், சராசரியை மட்டும் கொடுக்காதீர்கள்.

செம்பூர் மேடம், ஹியரிங்கில் சென்சார் இணைப்பைக் காட்ட ஒரு நேர வரைபடம் கையில் வைத்திருங்கள். அது ஸ்பெசிஃபிகேஷனிலேயே படமாக இருந்தால் ரொம்ப நல்லது. முடிவு வந்ததும் சொல்லுங்கள்.