ஜிப்ஸியின் பின் தளத்தைக் கழற்றி மாட்டும்படி யாராவது செய்திருக்கிறீர்களா?

வண்டி மாருதி ஜிப்ஸி கிங், 2004 மாடல், எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும்) இன்ஜின், சாஃப்ட் டாப் (துணிக் கூரை). ஓடுவது கோத்தகிரி பக்கம் எஸ்டேட் ரோட்டில், எப்போதும் ஈரம். பெட்ரோல் டேங்க் பின் தளத்துக்கு நேர் கீழே, பம்ப் அதற்குள்ளே. மேலே உள்ள ஒரு சின்ன ஹோஸைத் தொட வேண்டுமென்றாலும் பெட்ரோலை வடித்து டேங்கையே இறக்க வேண்டியிருக்கிறது. போன மழைக்காலத்திலிருந்து டேங்க் நிரப்பினால் உள்ளே பெட்ரோல் வாடை. காலையில் ஸ்டார்ட் ஆகவும் நேரமெடுக்கிறது.

டேங்கை இறக்கி ஹோஸ், கிளாம்ப் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. வாடை குறைந்து மறுபடி வந்துவிட்டது. இனி இறக்க பயமாக இருக்கிறது: டேங்க் போல்ட்டுகள் துருவேறி, துரு நீக்கும் ஆயில் விட்டு ஊறவைத்தும் ஒன்று தலையோடு முறிந்தது.

பாடி தகடு வேலை செய்யும் டிங்கர், பம்புக்கு மேலே மட்டும் தளத்தை வெட்டி மூடி போடலாம் என்கிறார். எனக்கு அது போதாது; ஹோஸ்கள் ஓரமாக ஓடுகின்றன. இரண்டு வீல் ஆர்ச்சுக்கும் (சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு) நடுவில் உள்ள தகடு முழுவதையும் எடுத்து, சுற்றிலும் ஆங்கிள் ஃபிரேம் வைத்து, ரப்பர் பீடிங் மேல் செக்கர்டு பிளேட்டை (வழுக்காத புடைப்பு வரி போட்ட தகடு) போல்ட் போட்டு இறுக்க நினைக்கிறேன். வெட்டும்போது டேங்க் வண்டியில் இருக்காது, அதில் சந்தேகமே இல்லை. சேஸி (அடிச்சட்டம்) தனி என்றாலும் பின்பக்க பாடிக்கு அந்தத் தகடுதானே பிடிப்பு?

இப்படிச் செய்தவர்கள் சொல்லுங்கள்: பாடி முறுக்காமல் இருக்க ஆங்கிள் ஃபிரேம் மட்டும் போதுமா, குறுக்கே சட்டமும் கொடுக்க வேண்டுமா?