லூசிட் ட்ரீம்: ‘தெளிவுக் கனவு’க்கு மாற்றாக ‘அறிகனவு’

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். உயர்தர வகுப்பு மாணவருக்கான அறிவியல் சஞ்சிகை ஒன்றுக்கு நித்திரையும் கனவும் பற்றிய கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். கனவென்று அறிந்தே காணும் கனவான ‘லூசிட் ட்ரீம்’ என்பதற்கும், படுத்த நிலையில் நினைவு அறாமல் அத்தகைய கனவுக்குள் நேரே நுழையும் பயிற்சிக்கும் தமிழ்ச் சொற்கள் வேண்டுமெனக் கேட்டிருந்தேன். பரிந்துரைகள் அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. அவற்றைப் பொருளோடு ஒட்டிப் பார்த்து, என் முன்மொழிவைக் கீழே தருகிறேன்.

‘லூசிட்’ என்ற அடைமொழியை இந்தப் பொருளில் நிலைநிறுத்தியவர் டச்சு மனநல மருத்துவரான பிரெடெரிக் வான் ஈடன். 1913இல் வெளியிட்ட கட்டுரையில் தம் கனவுகளை வகைப்படுத்தியபோது, தாம் கனவு காண்கிறோம் என்பதைக் கனவுக்குள்ளேயே அறிந்திருந்த வகைக்கு அவர் இப்பெயரிட்டார். காட்சி பளிச்சென்று தெரிவதை இச்சொல் குறிக்கவில்லை. மனக்குழப்பம் சற்றே விலகி நோயாளி தன்நினைவோடு பேசும் இடைப்பொழுதுக்கு மருத்துவத்தில் இதே அடைமொழி வழங்குகிறது. அந்தப் பொருளிலேயே இதையும் கொள்ள வேண்டும். ஆகவே அறிதல்தான் இதன் உயிர். கனவை விரும்பியபடி வளைக்கும் ஆற்றல் சிலருக்கு வாய்க்கலாம், பலருக்கு வாய்ப்பதில்லை. அது இல்லாவிட்டாலும் கனவு லூசிட் கனவுதான். இதனாலேயே ‘ஆளுகைக் கனவு’ என்ற பரிந்துரையை முதலில் விலக்குகிறேன்.

‘தெளிவுக் கனவு’ ஏற்கனவே ஓரளவு புழங்குகிறது. மயக்கம் தெளிந்தது, சித்தம் தெளிந்தது என்று நாம் சொல்வதால் அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆயினும் ‘நேற்று ஒரு தெளிவான கனவு கண்டேன்’ என்று ஒருவர் சொன்னால், கனவின் ஒவ்வொரு காட்சியும் அவருக்கு நினைவிருக்கிறது என்றே கேட்பவர் எண்ணுவார். கனவென்று அறிந்தே கண்டார் என்று எவரும் எண்ணமாட்டார். மாணவர் முதல் வாசிப்பிலேயே தவறான வழியில் போய்விடுவர்.

‘நனவுக்கனவு’ காதுக்கு இனியது. ஆனால் கனவு நனவாதல் என்பது ஆசை கைகூடுவதற்குத் தமிழில் வேரூன்றிய வழக்கு. வெளிநாட்டு விசா கிடைத்தவரும் அதைத்தான் சொல்கிறார். மேலும் விழித்திருக்கையில் காணும் கனவு என்று பிரித்தால் அது பகற்கனவாகிவிடும். ‘விழிப்புணர்வுக் கனவு’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விழிப்புணர்வு என்ற சொல்லை டெங்கு ஒழிப்புச் சுவரொட்டிகள் முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டன. சைவ சித்தாந்தம் சொல்லும் உயிரின் நிலைகளான அவத்தைகளை நினைவூட்டி ‘துரியக் கனவு’ என்று எழுதிய அம்மையாரின் புலமையை மதிக்கிறேன். எனினும் அவற்றுள் நான்காவதான துரியம் ஒரு கோட்பாட்டுக்குள் திட்டமான இடம் பெற்ற சொல். அதை ஆய்வுகூடத்துக்கு இழுத்து வந்தால் இரு பக்கமும் குழப்பமே மிஞ்சும்.

‘லூசிட் கனவு என்றே விட்டுவிட்டால் என்ன’ என்று கேட்ட நண்பருக்கு ஒரு வார்த்தை. சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் எங்கள் ஊர் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தவர். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே அவ்வளவு எளிதில் கைவிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

என் முன்மொழிவு ‘அறிகனவு’. திருமாலின் பள்ளிகொண்ட நிலையை அறிதுயில் என்பது பழைய வழக்கு; உறங்குவதுபோல் இருந்தும் யாவற்றையும் அறிந்திருத்தல் அதன் பொருள். அதே அச்சில் வார்த்ததே அறிகனவு. வினைத்தொகையாதலால் அறிந்த, அறிகின்ற, அறியும் என முக்காலமும் அதில் அடங்கும். ஊறுகாய், சுடுசோறு போல இடையில் வல்லினம் மிகாது என்பதால் ‘அறிக்கனவு’ என்று எழுதுதல் பிழை. அறிதுயிலையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றக்கூடும். ஆனால் அச்சொல்லை ஹிப்னாட்டிசத்துக்கு ஏற்கனவே பலர் ஆள்கின்றனர்; தவிரவும் இங்கே அறியப்படுவது துயில் அன்று, கனவு. அறிகனவு காண்பவரை ‘அறிகனவர்’ எனலாம்.

இனி, சிக்கலான பகுதிக்கு வருகிறேன். அறிகனவு இரண்டு வழிகளில் அமைகிறது. கனவு ஓடிக்கொண்டிருக்கையில் ஏதோ ஒரு பொருந்தாமை கண்ணில் பட்டு, ‘இது கனவல்லவா’ என்று உறைப்பது ஒரு வழி. பெரும்பாலானவை இப்படித்தான் நிகழ்கின்றன. விழிப்பிலிருந்து நினைவின் இழை அறாமலே கனவுக்குள் புகுவது மற்ற வழி. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஸ்டீபன் லபேர்ஜ் இவ்விரண்டையும் பிரித்துப் பெயரிட்டார். இரண்டாவதற்குத்தான் ‘படுக்கைநேர அறிகனவு’, ‘இரவுத்தொடக்க அறிகனவு’ என்ற பரிந்துரைகள் வந்தன. இவை பொருளைத் திரிக்கின்றன என்பதே என் வாதம்.

காரணம் நித்திரையின் அமைப்பிலேயே இருக்கிறது. இரவு 10 மணிக்குப் பாயில் சாயும் ஒருவர் உடனே கனவுக்குள் போவதில்லை. முதலில் இலேசான நித்திரை, பிறகு ஆழ்ந்த நித்திரை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் சென்ற பின்னரே விழிகள் மூடிய இமைக்குள் விரைந்தசையும் கட்டம் வருகிறது. கோர்வையான கனவுகள் மிகுதியும் அந்தக் கட்டத்துக்கு உரியவை. முதற்சுற்றில் அது சில நிமிடங்களே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க நீளும். ஆகவே இரவின் தொடக்கத்தில் விழிப்போடு நுழைய முயல்பவர், ஆழ்ந்த நித்திரையில் அமிழ்ந்துபோவார் அல்லது நித்திரையே வராமல் புரண்டுகொண்டிருப்பார். பயிற்சி பெற்றவர்கள் நான்கு, ஐந்து மணி நேரம் உறங்கி எழுந்து, சிறிது நேரம் விழித்திருந்து, மறுபடி படுக்கும்போதே இதை முயல்கிறார்கள். எங்கள் பக்கம் கரைவலைக்காரர் கடற்கரைக்குப் புறப்படும் வேளை அது. அந்த நேரத்துப் பயிற்சியைப் ‘படுக்கைநேரம்’ என்று பெயரிட்டால், வாசிக்கும் மாணவர் சோறு தின்ற கையோடு படுத்து முயன்று ஏமாறுவார்.

நுழையும் தருணத்தையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பெயர் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும். நுளம்பு வலைக்குள் அசையாமல் மல்லாந்து கிடப்பவர், லபேர்ஜ் சொன்னபடி ‘ஒன்று, நான் கனவு காண்கிறேன், இரண்டு, நான் கனவு காண்கிறேன்’ என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டே போகிறார். கை கால் கனக்கின்றன. மூடிய கண்ணுக்குள் புள்ளிகளும் கோடுகளும் மிதந்து, யாரோ ஒருவரின் முகமாகத் திரண்டு கலைகின்றன. மின்விசிறியின் இரைச்சல் கச்சான் காற்றாகிப் பனையோலையை உலுப்புகிறது. படி தவறி விழுந்ததுபோல் உடல் ஒருமுறை துள்ளக்கூடும். எண்ணிக்கை அறுந்தால் வழக்கமான நித்திரை; அறாமல், அந்தப் பனையின் கீழ் தாமே நிற்பதாக உணர்ந்தால் அறிகனவு. இந்த இடைநிலைக்கு ‘ஹிப்னகாஜிக்’ என்ற அடைமொழியைப் பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரட் மோரி 1848இல் கொடுத்தார்; உறக்கத்திலிருந்து வெளிவரும் இடைநிலைக்கான இணைச்சொல் ‘ஹிப்னபாம்பிக்’. இவற்றை ‘துயில்புகு நிலை’, ‘துயிலெழு நிலை’ என்று அமைத்தால் இணை பொருந்தி வருகிறது. துயிலெழுதல் நாம் மார்கழியில் பாடும் சொல். புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே இந்த வகைக்குத் ‘துயில்புகு அறிகனவு’ என்றும், மற்றதற்குக் ‘கனவிடை அறிகனவு’ என்றும் முன்மொழிகிறேன். இரவு 10 மணியானாலும் விடிகாலை 4 மணியானாலும் துயில் புகுதல் ஒன்றே என்பதால் நேரச் சிக்கல் எழாது. ‘இன்டக்‌ஷன்’ என்பதற்குத் ‘தூண்டல்’ வேண்டாம். நம் பௌதிகவியல் நூல்களில் அது மின்காந்தத்தோடு ஒட்டிவிட்டது. ‘அறிகனவு வருவித்தல்’ போதும்.

இந்நுழைவின்போது சிலருக்கு உடல் அசைக்க முடியாமல் இறுகிப்போகும். கனவுக் கட்டத்தில் தசைகள் தளர்ந்து செயலற்றிருப்பது இயல்பு. விழிப்பு அதற்குள் தலைகாட்டும்போது அச்சமூட்டுகிறது. நம்மவர் அமுக்குவான் பேய் என்பது இதைத்தான். கட்டுரையில் ‘துயில்முடக்கம்’ என்று எழுதி, பேயையும் ஒருமுறை குறிப்பிடுவேன். பேயைச் சொன்னால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கும்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து

*

தம்பிக்கு,

அறிகனவு எனக்கு முழு உடன்பாடு. துயில்புகு என்பதில்தான் தயக்கம். எங்கள் மட்டக்களப்பிலும் உங்கள் ஊரிலும் துயில் என்ற சொல்லை மக்கள் எங்கே காண்கிறார்கள் என்று யோசியுங்கள். மரண அறிவித்தலில் மீளாத்துயில். அதற்கும் மேலாக, போரில் மாண்ட போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இந்தச் சஞ்சிகை வாசிக்கப்படலாம். நித்திரை என்ற வாழும் சொல் இருக்கையில் இது எதற்கு? இன்னொன்று: கனவிடை அறிகனவு என்பதில் கனவு இரண்டு முறை வந்து நாவை இடறுகிறது. ‘இடையறிகனவு’ எனச் சுருக்கினால் என்ன?

ஓய்வுபெற்ற ஆசிரியர், மட்டக்களப்பு

*

மதிப்பிற்குரிய ஐயா,

இடையறிகனவு சிறப்பாக இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்கிறேன். துயில் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு நாள் மனத்தில் வைத்திருந்தேன். கட்டுரையின் நடையில் எங்கும் நித்திரை என்றே எழுதுவேன். கலைச்சொல்லில் மட்டும் துயில் இருக்கட்டும் என்பது என் முடிவு. உறக்கத்தைச் சாவுக்கு உவமையாக்குவது குறளிலேயே உள்ள வழக்கு. எந்தச் சொல்லை எடுத்தாலும் அந்த நிழல் தொடரும். நித்திரையோ தமிழகத்துப் பேச்சில் அருகிவிட்டது, தூக்கமோ நம்மிடம் வேறு பொருளையும் தருகிறது. இரு கரைக்கும் பொதுவாக நிற்பது துயில்தான். ஆயினும் ‘துயில்முடக்க’த்தை ‘நித்திரைமுடக்கம்’ என்று மாற்றிவிட்டேன். முடக்கத்தோடு சேரும்போது நீங்கள் சொன்ன கனம் கூடிவிடுகிறது.

ஒரு சொல் எஞ்சியிருக்கிறது. 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன், அறிகனவில் இருந்த ஒருவர் முன்பே பேசிவைத்தபடி விழிகளை இடவலமாக அசைத்துக் காட்டியதைப் பதிவுசெய்தார். உடல் செயலற்றிருந்தாலும் விழித்தசைகள் இயங்கும் என்பதால் அது இயன்றது. 2021இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்றில், எட்டிலிருந்து ஆறைக் கழித்தால் எவ்வளவு என்று உறங்குபவரிடம் கேட்க, அவர் இருமுறை விழியசைத்து விடை சொன்னார். இந்த ஒப்பிய விழியசைவுக்குக் ‘கண்குறி’ என்று வரைவில் எழுதியிருந்தேன். இப்போது ‘கண்சாடை’யே மேல் என்று தோன்றுகிறது: பேச முடியாத இடத்தில் முன்பே அறிந்த இருவருக்கிடையே நடப்பதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. காதல் வாடை அடிக்கிறது என்று மாணவர் சிரிக்கலாம். சிரித்தால் சொல் நினைவில் நிற்கும். மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதினால் நல்லது, சனிக்கிழமை பக்கங்கள் அச்சகத்துக்குப் போகின்றன.