மூன்று நிலை இன்வெர்ட்டர்: காமன்-மோடு பூஜ்யமாக வேண்டிய இடத்தில் 100 வோல்ட் பல்ஸ்

கேள்வி:
வணக்கம். மூன்று நிலை என்பிசி (நியூட்ரல் பாயிண்ட் கிளாம்ப்டு) இன்வெர்ட்டர், டிசி பஸ் 600 வோல்ட், டெட் டைம் (ஒரு சுவிட்ச் அணைந்து அடுத்தது போடும் வரை விடும் இடைவெளி) 2 மைக்ரோ செகண்ட், லோடு இண்டக்‌ஷன் மோட்டார். பேரிங் கரண்டைக் குறைக்க, 27 சுவிட்சிங் நிலைகளில் காமன்-மோடு (மூன்று ஃபேஸ் வோல்ட்டேஜின் சராசரி) பூஜ்யமாக வரும் 7 நிலைகளை மட்டும் (ஒரு ஃபேஸ் டிசியின் + முனையிலும், ஒன்று நடுப்புள்ளி 0-விலும், ஒன்று − முனையிலும் இருக்கும் ஆறு நடுத்தர வெக்டர், கூடவே 0 0 0) வைத்து ஸ்பேஸ் வெக்டர் மாடுலேஷன் எழுதியிருக்கிறேன். சிமுலேஷனில் சுத்தமான பூஜ்யம். ஸ்கோப்பில் ±100 வோல்ட்டுக்கு மெல்லிய பல்ஸ்கள் வருகின்றன. புரோப் மாற்றியும் பார்த்தாயிற்று. லைன் வோல்ட்டேஜும் (ஆர்எம்எஸ்) 367 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை. இரண்டும் ஒரே கோளாறா?

பதில் 1:
சிமுலேஷனில் டெட் டைம் போட்டீர்களா? பல்ஸ் அகலம் எவ்வளவு?

கேட்டவர்:
போடவில்லை, ஐடியல் சுவிட்ச்தான். அகலம் ஏறத்தாழ 2 மைக்ரோ செகண்ட். எல்லா சுவிட்சிங்கிலும் வருவதில்லை, அதுதான் குழப்பம்.

பதில் 2:
அப்படியானால் டெட் டைம்தான். இந்த முறையில் எந்த மாற்றத்திலும் ஒரு லெக் (ஒரு ஃபேஸின் சுவிட்ச் அடுக்கு) மேலே ஏறும்போது இன்னொன்று கீழே இறங்கியாக வேண்டும். ஏறும் லெக்கில் கரண்ட் வெளியே போனால் மாற்றம் டெட் டைம் அளவு தாமதமாகும், உள்ளே வந்தால் டயோடு வழியாக உடனே நடக்கும். இறங்கும் லெக்கில் இது தலைகீழ். ஆக, இரண்டு கரண்டும் எதிரெதிர் திசையில் இருந்தால் இரு லெக்கும் சேர்ந்தே மாறும், பல்ஸ் இல்லை. ஒரே திசையில் இருந்தால் ஒன்று முந்திக்கொள்ளும். (+ 0 −) இலிருந்து (0 + −) போகும்போது ஏ, பி இரண்டிலும் கரண்ட் வெளியே போகிறது என்றால், நடுவில் 2 மைக்ரோ செகண்ட் (0 0 −) நிற்கும். அதன் காமன்-மோடு டிசியில் ஆறில் ஒரு பங்கு, அதாவது உங்கள் 100 வோல்ட்.

கரண்ட் திசையைப் பார்த்து, முந்தும் லெக்கின் கட்டளையை டெட் டைம் அளவு தள்ளிப் போடுங்கள்.

367 கோளாறே இல்லை. பெரிய வெக்டர்களை (0 இல்லாமல் +, − மட்டும் கலந்தவை) விட்டுவிட்டால் உச்சம் 0.866 மடங்காகிவிடும், 600 வோல்ட் டிசிக்கு அவ்வளவுதான். முழு வோல்ட்டேஜ் வேண்டுமென்றால், ரெஃபரன்ஸில் மூன்றாம் ஹார்மோனிக் சேர்த்து பிஓடி கேரியருக்கு (மேல், கீழ் கேரியர் அலைகள் ஒன்றுக்கொன்று எதிர் ஃபேஸில்) போங்கள்; வெறும் சைன் ரெஃபரன்ஸில் அதுவும் 367-ஐத் தாண்டாது. சைன் ரெஃபரன்ஸுக்கு பிடி கேரியர் (இரண்டும் ஒரே ஃபேஸில்) தரும் காமன்-மோடு ±200 அதில் ±100 ஆகும், பூஜ்யம் கிடைக்காது. லைன் ஹார்மோனிக்ஸும் கூடும். பிடியில் கேரியர் ஹார்மோனிக்கின் பெரும்பகுதி காமன்-மோடில் போய்ச் சேர்ந்து லைனில் கேன்சல் ஆகிறது. அந்தச் சலுகை பிஓடியில் கிடையாது.

கேட்டவர்:
தாமதம் சேர்த்ததும் பெரும்பாலான பல்ஸ்கள் போயே போய்விட்டன, நன்றி. கரண்ட் ஜீரோ கிராஸிங் பக்கத்தில் மட்டும் சில மிச்சம்.

பதில் 2:
அங்கே சென்சார் சொல்லும் திசையை நம்ப முடியாது. கரண்ட் குறைவு என்பதால் சுவிட்சின் கெபாசிட்டன்ஸ் மெதுவாக சார்ஜ் ஆகி எட்ஜும் சாய்ந்துவிடும். மாடுலேஷனில் அதைத் துரத்த வேண்டாம், சின்ன காமன்-மோடு சோக் போடுங்கள். 2 மைக்ரோ செகண்ட் பல்ஸுக்குப் பெரிய கோர் தேவைப்படாது.